ஒரு 'சக்' சத்தத்தின் வரலாறு

தேவையில்லாமல் வாயைத் திறந்து நான் மாட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் தாத்தா ஒன்றைத்தான் சொல்வார்: "தவளை தன் வாயால கெடும்டா." மழை இரவில் கத்துகிற தவளையைப் பாம்பு தேடி வந்து பிடித்துவிடும். சரி, கெடும் என்றால் அது ஏன் கத்துகிறது? பேசாமல் கிடக்க வேண்டியதுதானே? இதை அவரிடம் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

டார்வின் இதன் பாதியைத் தொட்டிருக்கிறார். இளைஞராக ரியோ டி ஜெனீரோவில் தங்கியிருந்தபோது, நீரோரப் புல்லில் உட்கார்ந்து பாடும் சின்னஞ்சிறு தவளைகளை மாலை நேரங்களில் கேட்டுக்கொண்டிருந்தவர் அவர். 1871இல் வந்த 'மனிதனின் வழித்தோன்றல்' நூலில் அதை நினைவுகூர்கிறார். பெரிய காளைத்தவளை போடும் கூச்சலை இசை என்று சொல்வது நம் ரசனைக்குக் கொஞ்சம் அதிகம்தான் என்று கேலியும் செய்கிறார். ஆனால் ரசிக்க வேண்டியது நாம் இல்லையே. பெண் விலங்குக்கு ரசனை உண்டு, அது தேர்ந்தெடுக்கிறது என்பதுதான் அந்த நூலின் துணிச்சலான வாதம். வாலஸுக்கே அது பிடிக்கவில்லை. பெண்ணின் ரசனை ஆணின் உருவத்தையும் குரலையும் செதுக்கும் என்பதைப் பல பத்தாண்டுகளுக்கு விஞ்ஞானிகள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிலின் மறுபாதி பனாமாவில் கிடைத்தது. கால்வாய்க்காக சாக்ரெஸ் ஆற்றை மறித்தபோது காடு மூழ்கி, ஒரு குன்றின் உச்சி மட்டும் தீவாக மிஞ்சியது. அதுதான் பார்ரோ கொலராடோ. 1923 முதல் அது பாதுகாக்கப்பட்ட ஆய்வுக் காடு. அங்கே தேங்கும் மழைக்குட்டைகளில் துங்கரா என்ற தவளை மிதந்தபடி கத்தும். உடம்பு மூன்று சென்டிமீட்டர்தான் இருக்கும். குரல்பையை ஊதினால் தவளையைவிடப் பை பெரிதோ என்று தோன்றும்.

ஸ்டான்லி ராண்ட் 1960களிலேயே இதன் குரலைக் கவனித்தார். முதலில் மேலிருந்து கீழே வழுக்கி இறங்கும் ஒரு இழுப்பு. சில நேரம் அதன் வாலில் 'சக்' என்று ஒரு குட்டி வெட்டு. ஒன்றோ, இரண்டோ, அதற்கு மேலுமோ. தனியாக இருக்கும் ஆண் பெரும்பாலும் இழுப்போடு நிறுத்திக்கொள்ளும். பக்கத்தில் போட்டி வந்தால்தான் 'சக்' சேர்க்கும். கையில் சரக்கு இருந்தும் ஏன் இந்தக் கஞ்சத்தனம்?

1970களின் இறுதியில் அங்கே வந்த மைக்கேல் ரயன் இரவு இரவாகக் குட்டையோரம் உட்கார்ந்தார். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு நடுவே பெண் தவளையை விட்டுப் பார்த்தார். அது 'சக்' வரும் பக்கமே போனது. அதிலும் கனத்த, தாழ்ந்த 'சக்' அதற்கு இன்னும் பிடித்தது. பெரிய உடம்புள்ள ஆணின் குரல் அப்படித்தான் இருக்கும்.

அப்படியானால் எல்லோரும் எப்போதும் 'சக்' போடலாமே. வௌவால் ஆய்வாளர் மெர்லின் டட்டில் அதே தீவில் வாயில் தவளையோடு ஒரு வௌவாலைக் கண்டிருந்தார். உதட்டில் மருக்கள் கொண்ட வௌவால் அது. இருட்டில் தன் மீயொலியை வைத்து இரை தேடும் பிராணி, தவளையின் பாட்டைக் கேட்டும் வருகிறதா? இருவரும் சேர்ந்து சோதித்து 1981இல் எழுதினார்கள்: ஆமாம், கேட்டுத்தான் வருகிறது. உண்ணத் தகுந்த தவளையின் குரலையும் நஞ்சுள்ள தேரையின் குரலையும் பிரித்தறியவும் செய்கிறது. அடுத்த ஆண்டு வந்த கட்டுரைதான் என்னை உலுக்கியது. வௌவாலுக்கும் 'சக்' சேர்ந்த பாட்டே அதிகம் பிடிக்கிறது.

ஆக, காதலிக்கும் கொலையாளிக்கும் ரசனை ஒன்றே. அந்தக் கஞ்சத்தனத்துக்குக் காரணம் இதுதான். தாத்தாவின் பழமொழி சரிதான், ஆனால் அது பாம்பின் பக்கக் கணக்கு மட்டும். வாயை மூடிக்கொண்ட தவளை அன்றிரவு பிழைக்கும். நுரையடித்துக் கட்டும் கூட்டில் அதற்கு வாரிசு இருக்காது.

ரயனும் ராண்டும் பிறகு ஈக்வடாரின் உறவுக்காரத் தவளை ஒன்றை எடுத்தார்கள். அந்த இனத்தில் 'சக்' என்பதே கிடையாது. குரலோடு செயற்கையாக 'சக்' ஒட்டிக் கொடுத்தால், அந்தப் பெண்களும் அதையே விரும்பின. ரசனை முதலில், பாட்டு பிறகு என்றார்கள். கூடுதல் இனங்களைச் சேர்த்துப் பார்த்த பின்னாள் ஆய்வாளர்கள் இதை அவ்வளவு சுலபமாக ஒப்பவில்லை. எனக்கென்னவோ டார்வின் இருந்திருந்தால் இந்தச் சண்டையை ரசித்திருப்பார் என்று தோன்றுகிறது.

வௌவாலின் நிழல் தெரிந்ததும் குட்டை மொத்தமும் சட்டென்று அடங்கிவிடும். ஆனால் 2014இல் தெரியவந்தது வேறு: பாடும்போது குரல்பை விம்மி நீரில் எழுப்பிய வளையங்கள், குரல் நின்ற பின்னும் சில நொடிகள் விரிந்துகொண்டே போகின்றன. வௌவால் தன் மீயொலியால் அவற்றையும் கண்டுபிடித்துவிடுகிறது. நீர்ப்பரப்பில் சருகு மிதக்கும் இடங்களில்தான் அதற்குத் தடுமாற்றம்.