சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு: ரிவிஷனுக்கு இலவசமாக என்னென்ன கிடைக்கிறது? எதை முதலில் எடுப்பது?

அக்கா பையன், சித்தப்பா பொண்ணு, பக்கத்து ஃபிளாட் பிள்ளை என்று சிபிஎஸ்இ பத்தாம் வகுப்பு எழுதப்போகும் யாராவது ஒருவர் உங்களைச் சுற்றி இருப்பார். ஜனவரி பிறந்தால் உங்களுக்கும் ஒரு மெசேஜ் வரும்: "நீதான் நல்லா படிச்சவ, இவனுக்கு எந்த கைடு வாங்கலாம்னு சொல்லேன்." கூடவே ஏதோ ஒரு ஆப்பின் கிராஷ் கோர்ஸ் லிங்க்கும் வரும்.

பணம் கட்டுவதற்கு முன் ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ளுங்கள். தேர்வை நடத்தும் போர்டே மாதிரி வினாத்தாளையும், அதற்கு எப்படி மார்க் போடுவார்கள் என்ற விடைக்குறிப்பையும் இலவசமாக வெளியிடுகிறது. பாடப்புத்தகம், பயிற்சிக் கேள்விகள், வீடியோ பாடங்களும் அரசுத் தளங்களில் இலவசம்தான். பிள்ளைகளிடம் மெட்டீரியல் நிறையவே இருக்கிறது, நேரம்தான் குறைவு. அதனால் எதை எந்த வரிசையில் எடுப்பது என்பதுதான் முக்கியம்.

தேர்வு இப்போது எப்படி இருக்கிறது?

நீங்கள் எழுதிய காலத்துத் தேர்வை மனதில் வைத்து அட்வைஸ் பண்ணிவிடாதீர்கள். முக்கியப் பாடங்களில் எழுத்துத் தேர்வுக்கு 80 மார்க், பள்ளியின் அகமதிப்பீட்டுக்கு 20 மார்க். தேர்வு மூன்று மணி நேரம். அதற்கு முன் வினாத்தாளைப் படிக்க 15 நிமிடம் தருகிறார்கள்.

கேள்விகளில் ஏறக்குறைய பாதி, திறன் அடிப்படையிலானவை. ஒரு சூழலையோ பத்தியையோ அட்டவணையையோ கொடுத்து, படித்ததை அங்கே பயன்படுத்தச் சொல்வார்கள். கைடில் இருக்கும் விடையை அப்படியே மனப்பாடம் செய்த பிள்ளை தடுமாறுவது இங்கேதான்.

2026 முதல் இரண்டு போர்டு தேர்வு முறையும் வந்துவிட்டது. பிப்ரவரியில் தொடங்கும் முதல் தேர்வு எல்லோருக்கும் கட்டாயம். மே மாதத் தேர்வில் அறிவியல், கணிதம், சமூக அறிவியல், மொழிப்பாடங்கள் ஆகியவற்றில் அதிகபட்சம் மூன்றில் மார்க்கை உயர்த்திக்கொள்ளலாம். ஆனால் முதல் தேர்வில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட பாடங்களை எழுதாமல் விட்டவர்களுக்கு மே வாய்ப்பு கிடையாது. "மே-ல பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட முடியாது.

எங்கே என்ன கிடைக்கும்?

• என்சிஇஆர்டி பாடப்புத்தகம்: என்சிஇஆர்டி இணையதளத்தில் பாடம் பாடமாக பிடிஎஃப் வடிவில் டவுன்லோட் செய்யலாம். பாடத்துக்கு நடுவே வரும் கேள்விகளையும் விடாமல் போட வேண்டும்.

• எக்ஸெம்ப்ளர்: கணிதம், அறிவியலுக்கு என்சிஇஆர்டி தயாரித்த கூடுதல் பயிற்சிப் புத்தகம். பாடப்புத்தகக் கணக்குகளைவிடக் கொஞ்சம் யோசிக்க வைக்கும்.

• சாம்பிள் பேப்பர், மார்க்கிங் ஸ்கீம்: சிபிஎஸ்இ-யின் அகாடமிக் தளத்தில் ஒவ்வொரு கல்வியாண்டுக்கும் பாடவாரியாக வெளியாகும். தமிழை மொழிப்பாடமாக எடுத்தவர்களுக்கும் (பாடக் குறியீடு 006) உண்டு. தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கும் பிள்ளைக்குக் கடையில் தமிழ்ப் பாட கைடு தேடுவது சிரமம் என்பதால் இது பெரிய உதவி.

• பழைய வினாத்தாள்கள்: சிபிஎஸ்இ-யின் முதன்மைத் தளத்தில் ஆண்டுவாரியாக இருக்கின்றன.

• தீக்ஷா: 2017-ல் தொடங்கப்பட்ட மத்திய அரசுத் தளம். பாடப்புத்தகத்தில் இருக்கும் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோவுக்கும் பயிற்சிக்கும் போகலாம்.

• பிஎம் இ-வித்யா டிவி சேனல்கள்: நெட் சரியாக வராத ஊரில் இருக்கும் பிள்ளைக்குப் பயன்படும்.

மார்க்கிங் ஸ்கீம் ஏன் முக்கியம்?

சாம்பிள் பேப்பரை எல்லோரும் போட்டுப் பார்க்கிறார்கள். மார்க்கிங் ஸ்கீமை கடைசியில் விடை சரிதானா என்று பார்க்க மட்டும் புரட்டுகிறார்கள். அதில் மார்க் எங்கே பிரிகிறது என்ற கணக்கு இருக்கிறது. கணிதத்தில் சமன்பாட்டை அமைத்ததற்கு, சூத்திரத்தில் பொருத்தியதற்கு, இறுதி விடைக்கு என்று அரை அரை மார்க்காகப் பிரித்திருப்பார்கள். விடை தப்பானாலும் ஸ்டெப்புக்கு மார்க் உண்டு. ஸ்டெப் எழுதாமல் விடையை மட்டும் எழுதினால் தெரிந்த கணக்கிலேயே மார்க் போகும்.

அறிவியலில் கதிர்ப்படத்துக்கு அம்புக்குறி போட்டிருக்கிறதா, பெயர் குறித்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். சமூக அறிவியலில் மூன்று மார்க் கேள்விக்குப் பெரும்பாலும் மூன்று தெளிவான பாயின்ட் போதும். ஒரே கருத்தை ஒரு பக்கத்துக்கு இழுத்தால் கூடுதல் மார்க் வராது.

எனவே பிள்ளை ஒரு பேப்பர் எழுதி முடித்ததும், மார்க்கிங் ஸ்கீமை வைத்துச் சிவப்புப் பேனாவால் தானே திருத்தட்டும். அரை மார்க் எங்கெங்கே போனது என்று குறித்துக்கொள்ளட்டும். இரண்டு பேப்பர் திருத்தினாலே எந்தத் தப்பு திரும்பத் திரும்ப வருகிறது என்று தெரிந்துவிடும்.

பழைய மெட்டீரியலில் என்ன சிக்கல்?

அண்ணன் படித்த கைடு தம்பிக்கு என்பது நம் வீட்டு வழக்கம். ஆனால் 2022-ல் என்சிஇஆர்டி பாடச்சுமையைக் குறைத்தபோது, பத்தாம் வகுப்பு அறிவியலில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு, ஆற்றல் மூலங்கள் போன்ற பாடங்கள் முழுதாக நீக்கப்பட்டன. மரபியல் பாடத்தில் இருந்த பரிணாமப் பகுதியும் போனது. கணிதத்தில் வரைமுறைக் கட்டுமானங்கள் பாடம் இல்லை. எக்ஸெம்ப்ளர் புத்தகம் அதற்கு முன்பே தயாரானது. அதனால் நடப்பாண்டு சிலபஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, தேவையில்லாததை அடித்துவிடுங்கள்.

வினாத்தாள் அமைப்பும் மாறுகிறது. 2025-26 சாம்பிள் பேப்பரில் அறிவியல் வினாத்தாள் உயிரியல், வேதியியல், இயற்பியல் என மூன்று பிரிவாக வந்தது. கணிதத்தில் ஸ்டாண்டர்ட் (041), பேசிக் (241) என இரண்டு வகை உண்டு. பிள்ளை எதற்குப் பதிவு செய்திருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பேப்பரை டவுன்லோட் செய்யுங்கள்.

திரும்பத் திரும்பப் படித்தால் போதாதா?

போதாது. 2006-ல் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு குழு பாடத்தை மறுபடி படித்தது. இன்னொரு குழு ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னிலை. ஒரு வாரம் கழித்து நிலைமை தலைகீழ்: எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவில் இருந்தது, மறுபடி படித்தவர்களுக்கு 42 சதவீதம்.

ஹைலைட்டர் போட்டுப் படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும். புத்தகத்தை மூடினால்தான் உண்மை தெரியும். வீடியோவுக்கும் இது பொருந்தும். பத்து நிமிட வீடியோ பார்த்தால், அடுத்த பத்து நிமிடம் வெள்ளைத் தாளில் எழுதிப் பார்க்க வேண்டும்.

நான்கு வாரம் மட்டும் இருந்தால்?

முதல் வாரம்: ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சாம்பிள் பேப்பர் எழுதித் திருத்த வேண்டும். மார்க் எவ்வளவு என்று கவலைப்பட வேண்டாம், எங்கே ஓட்டை என்று தெரிந்தால் போதும்.

இரண்டாம், மூன்றாம் வாரம்: அந்த ஓட்டைகளை மட்டும் என்சிஇஆர்டி, எக்ஸெம்ப்ளர் வைத்து அடைக்கலாம். ஒரே பாடத்தை நாள் முழுக்க உருட்டாமல், இரண்டு மூன்று நாள் இடைவெளி விட்டு மீண்டும் எடுப்பது நினைவில் நிற்க உதவும்.

நான்காம் வாரம்: பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்து எழுதிப் பழகலாம். புதிதாக எந்த மெட்டீரியலும் வாங்க வேண்டாம்.

நீங்கள் என்ன செய்யலாம்?

வேறு ஊரில் வேலையில் இருந்தாலும் இரண்டு காரியம் உங்களால் முடியும். சிலபஸ், சாம்பிள் பேப்பர், மார்க்கிங் ஸ்கீமை பிரின்ட் எடுத்து கூரியரில் அனுப்புங்கள். செல்போனைக் கையில் கொடுக்காமலேயே படிக்க அது வழி. ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் அரை மணி நேரம், "புக்கை மூடிட்டு எனக்குச் சொல்லு" என்று ஒரு பாடத்தைக் கேளுங்கள்.

பேச்சில் பயமோ தூக்கமின்மையோ தெரிந்தால் மார்க் பற்றிய பேச்சை நிறுத்திவிடுங்கள். தேர்வுக் காலத்தில் சிபிஎஸ்இ இலவச உளவியல் ஆலோசனை தருகிறது (1800-11-8004). மத்திய அரசின் டெலி மனஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். இந்த இரண்டு எண்களையும் பிள்ளையின் போனில் மட்டுமல்ல, அம்மா அப்பா போனிலும் சேமித்து வைக்கச் சொல்லுங்கள்.