அறிந்தே விளைந்த மரணங்கள்: நடைபாதைவாசிகளும் சாலைச் சட்டமும் – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

மது அருந்தியவர் ஓட்டிய ஊர்தி நடைபாதையில் உறங்கியவர்கள்மீது ஏறி உயிர்களைப் பறித்த நிகழ்வுகள் இந்தியப் பெருநகரங்களில் பலமுறை நேர்ந்துள்ளன. ஒவ்வொரு முறையும் இரு வினாக்கள் எழுகின்றன. ஓட்டியவரின் குற்றம் எத்தன்மையது என்பது ஒன்று. உறங்கியவர் அவ்விடத்தில் ஏன் உறங்கினார் என்பது மற்றொன்று. முதல் வினாவுக்குக் குற்றவியல் நீதிமன்றங்களும் இரண்டாம் வினாவுக்கு வாழ்வாதார உரிமை பற்றிய வழக்குகளும் தனித்தனியே விடை தேடி வந்துள்ளன. இவ்விரு வரலாறுகளையும் ஒருங்குவைத்து நோக்கினால்தான் சாலை மரணத்திற்கான அறப்பொறுப்பு யாரைச் சாரும் என்பது தெளிவுறும். மும்பையை முதன்மைக் களமாகவும் 'அறிந்திருத்தல்' என்னும் கருத்தை அளவுகோலாகவும் கொண்டு இக்கட்டுரை அதனை ஆராய முற்படுகிறது.

இரு பிரிவுகளும் இடைவெளியும்

1837இல் மெக்காலே தலைமையிலான குழு வகுத்த தண்டனைச் சட்ட வரைவில், கவனக்குறைவால் மரணம் விளைவித்தல் ஒரு குற்றமாக இடம்பெற்றிருந்தது. 1860இல் இந்தியத் தண்டனைச் சட்டம் நிறைவேறியபோது அது விடுபட்டது. 1870ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வழியாக 304அ என்னும் பிரிவாக மீண்டும் சேர்க்கப்பட்டது. கண்மூடித்தனமான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவிப்பவருக்கு அதிக அளவாக இரண்டாண்டுச் சிறை என்பது அதன் விதி. இந்தியச் சாலைகளில் மோட்டார் ஊர்தி தோன்றாத காலத்தில் எழுதப்பட்ட இவ்விதியே நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சாலை மரண வழக்குகளுக்கு அடிப்படையாக இருந்தது.

இதற்கு மாறானது 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதி. கொல்லும் நோக்கம் இல்லாவிடினும், தன் செயலால் மரணம் நேரக்கூடும் என்று அறிந்தே அதனைச் செய்தவருக்குப் பத்தாண்டு வரை சிறை என்று அது கூறியது. ஆகவே இரண்டாண்டுக்கும் பத்தாண்டுக்கும் இடைப்பட்ட தொலைவு முழுவதும் 'அறிவு' என்னும் ஒற்றைச் சொல்லைச் சார்ந்தே நின்றது.

மது மயக்கத்தில் இருந்தவருக்கு அறிவு இருந்ததென எங்ஙனம் கொள்வது? இதற்கு அச்சட்டத்தின் 86ஆம் பிரிவு விடை கூறியிருந்தது. தானே விரும்பி மது அருந்தியவர், அருந்தாத நிலையில் பெற்றிருக்கக்கூடிய அறிவைப் பெற்றிருந்தவராகவே கருதப்படுவார் என்பது அதன் சாரம். தமிழ் அற நூல்களைக் கற்றோர்க்கு இக்கருத்து புதியதன்று. திருக்குறளின் 93ஆம் அதிகாரமான கள்ளுண்ணாமை, விலை கொடுத்துத் தன்னிலை மறத்தலை வாங்கிக்கொள்ளும் பேதைமையை 925ஆம் குறளில் சுட்டுகிறது. அறியாமை விலைக்கு வாங்கப்படும்போது அதற்கான பொறுப்பும் வாங்கியவரைச் சேர்கிறது. காலத்தாலும் நோக்கத்தாலும் வேறுபட்ட இவ்விரு நூல்களும் மயக்கத்தைத் தற்செயலாகக் கருதாமல் மனிதனின் தேர்வாகக் கருதுவதில் ஒன்றுபடுகின்றன.

1985: நடைபாதையும் வாழ்வாதாரமும்

1981 ஜூலையில் மகாராட்டிர அரசு, பம்பாயின் நடைபாதைவாசிகளை அகற்றி அவரவர் சொந்த ஊருக்கு அனுப்ப முடிவு செய்தது. அதனை எதிர்த்து எழுந்ததே ஓல்கா டெல்லிஸ் எதிர் பம்பாய் மாநகராட்சி என்னும் வழக்கு. அதனுடன் இணைத்து விசாரிக்கப்பட்ட மனுக்களுள் ஒன்றின் முதல் மனுதாரர், வறட்சியால் வேலையிழந்து 1961இல் சேலத்திலிருந்து பம்பாய்க்குச் சென்ற நிலமற்ற கூலித் தொழிலாளி. ஒரு வேதிப்பொருள் நிறுவனத்தில் நாள் ஒன்றுக்கு 23 ரூபாய் கூலி பெற்ற அவர், மேற்கு விரைவு நெடுஞ்சாலையின் நடைபாதையில் குடும்பத்தோடு வாழ்ந்தார். அவருடைய குடிசை இடிக்கப்பட்டு, குடும்பத்தினர் பேருந்தில் சேலத்திற்கு ஏற்றி அனுப்பப்பட்டனர். மனைவியும் மகள்களும் ஊரில் தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடி மீண்டும் பம்பாய்க்கு வந்து மீண்டும் ஒரு நடைபாதையிலேயே தங்கினார். இச்செய்திகள் தீர்ப்பிலேயே பதிவாகியுள்ளன.

1985 ஜூலை 10 அன்று வழங்கப்பட்ட அத்தீர்ப்பு, வாழ்வாதார உரிமை வாழ்வுரிமையின் ஒரு கூறே என அறிவித்தமையால் பெரிதும் போற்றப்படுகிறது. வேலையிடத்திற்குச் சென்றுவரும் செலவையும் நேரத்தையும் தாங்க இயலாமையால்தான் ஏழைகள் வேலைக்கு அருகிலுள்ள நடைபாதையைத் தேர்கின்றனர் என்பதையும் அது ஏற்றுக்கொண்டது. எனினும், நடைபாதை நடப்பதற்கே உரியது என்று கூறி, மழைக்காலம் முடியும்வரை மட்டும் பொறுத்திருந்து அகற்றலாம் என அனுமதித்தது.

இத்தீர்ப்பில் அதிகம் பேசப்படாத பகுதி ஒன்று உண்டு. நடைபாதைகளில் குடிசைகள் இருப்பதால் பாதசாரிகள் சாலையில் இறங்கி நடக்க நேர்கிறது என்றும், அது விபத்துக்கு இடமளிக்கிறது என்றும் நீதிமன்றம் கருதியது. சாலைப் பாதுகாப்பு இங்கே நடைபாதைவாசிகளை அகற்றுவதற்கான காரணமாகவே இடம்பெறுகிறது. சாலையோரத்தில் உறங்குவோருக்கு ஊர்தியால் நேரும் ஆபத்தோ எண்ணிப் பார்க்கப்படவில்லை.

2006: கார்ட்டர் சாலை

2006 நவம்பர் 12 அதிகாலையில் மும்பை பாந்த்ரா மேற்கிலுள்ள கார்ட்டர் சாலையில் ஒரு கார் நடைபாதைமீது ஏறியது. ஏழு பேர் இறந்தனர். எட்டுப் பேர் காயமுற்றனர். ஓட்டியவரின் இரத்தத்தில் 0.112 விழுக்காடு மது இருந்தது சோதனையில் தெரியவந்தது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 30 மில்லிகிராம் என்னும் சட்ட வரம்பைப் போல அது மூன்று மடங்குக்கும் மேற்பட்டதாகும்.

இறந்தவர்கள் யாவர் என்பது கருதத்தக்கது. அவர்கள் அச்சாலையைப் பழுதுபார்க்கும் பணிக்கெனக் கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள். அவர்கள் தங்குவதற்கான தற்காலிகக் குடிசைகள் நடைபாதையிலேயே அமைக்கப்பட்டிருந்தன. அக்குடிசைகளின் முன் அவர்கள் உறங்கிக்கொண்டிருந்தனர். எனவே 'ஆக்கிரமிப்பாளர்' என்னும் பழைய பெயர் இவர்களுக்குச் சிறிதும் பொருந்தாது. சாலையைச் செப்பனிடுவோர் சாலையோரத்தில் உறங்க வைக்கப்பட்டனர்.

2007 ஏப்ரலில் விசாரணை நீதிமன்றம் 304அ பிரிவின்கீழ் ஆறு மாதச் சிறையும் ஐந்து இலட்ச ரூபாய்த் தண்டமும் விதித்தது. அதே ஆண்டு செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் குற்றத்தை 304ஆம் பிரிவின் இரண்டாம் பகுதிக்கு மாற்றி மூன்றாண்டுச் சிறை விதித்தது. 2012 ஜனவரி 12 அன்று, அலிஸ்டர் பெரைரா எதிர் மகாராட்டிர மாநிலம் என்னும் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. ஓட்டியவர் அப்பகுதியில் வாழ்ந்தவர், அச்சாலையை நன்கறிந்தவர் என்பதும் கருதப்பட்டது. மூன்றாண்டுச் சிறை குற்றத்தின் கடுமைக்குக் குறைவானது என்று கருதியபோதிலும், தண்டனையை உயர்த்துமாறு அரசு மேல்முறையீடு செய்யாமையால் நீதிமன்றம் அதனை உயர்த்தவில்லை.

1999 ஜனவரி 10 அன்று தில்லி லோதி காலனியில் மூன்று காவலர் உட்பட ஆறு பேர் இறந்த வழக்கிலும், 2012 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இதே பிரிவின்கீழ்க் குற்றத்தை நிறுவியது. ஆயினும் ஏற்கெனவே கழிந்த இரண்டாண்டுச் சிறையே போதுமெனக் கொண்டு, ஐம்பது இலட்ச ரூபாய் செலுத்தவும் இரண்டாண்டுச் சமூகப் பணி ஆற்றவும் ஆணையிட்டது. குற்றத்தின் பெயர் மாறிய அளவுக்குத் தண்டனை மாறவில்லை என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டுகின்றன.

உறங்கியவர்மீது சுமத்தப்படும் பழி

2002 செப்டம்பர் 28 அன்று பாந்த்ராவில் ஓர் அடுமனை முன் ஒரு ஊர்தி ஏறியதில் ஒருவர் இறந்தார், நால்வர் காயமுற்றனர். வேலை முடிந்து கடை வாயிலில் உறங்கிய தொழிலாளர்கள் அவர்கள். இவ்வழக்கில் நடிகர் சல்மான் கானுக்கு 2015 மே மாதம் அமர்வு நீதிமன்றம் ஐந்தாண்டுச் சிறை விதித்தது. அவர்மீதான குற்றச்சாட்டு ஐயத்திற்கிடமின்றி நிறுவப்படவில்லை எனக் கூறி, அதே ஆண்டு டிசம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது.

அவ்வழக்கின் முடிவு எதுவாயினும், அதனையொட்டி எழுந்த பொதுப்பேச்சு வரலாற்றுச் சான்றாகக் கொள்ளத்தக்கது. சாலை உறங்குவதற்கன்று, அங்கு உறங்கியவரே தம் சாவுக்குக் காரணர் என்னும் பொருளில் திரைப்படப் பாடகர் ஒருவர் 2015 மே மாதம் கருத்துரைத்தார். அது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. ஆயினும் அக்கூற்றை ஒரு தனிமனிதரின் கொடுஞ்சொல்லாக மட்டும் கொள்வதற்கில்லை. நடைபாதைவாசியே ஆபத்தின் ஊற்று என்னும் 1985இன் தருக்கமே இங்கு வசைமொழியாக உருமாறியுள்ளது.

இறந்தவரின் உயிருக்கு நிகராக வைக்கப்பட்ட தொகையும் இம்மதிப்பீட்டை உணர்த்தும். மோதிவிட்டுத் தப்பிய ஊர்தி எதுவெனத் தெரியாத மரணங்களுக்கு 1982இல் 5,000 ரூபாயும், 1988ஆம் ஆண்டுச் சட்டத்தில் 8,500 ரூபாயும், 1994இல் 25,000 ரூபாயும் இழப்பீடாக வகுக்கப்பட்டன. அத்தொகை இரண்டு இலட்ச ரூபாயாக உயர்ந்தது 2022இல்தான்.

அறிந்திருந்தோர் யாவர்?

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் நேரும் மரணத்துக்கான சிறைக்காலத்தை ஐந்தாண்டு வரை உயர்த்தியது. மோதிவிட்டுத் தப்பியோடுவோருக்குப் பத்தாண்டு வரை சிறை என்னும் அதன் 106(2) பிரிவோ, ஓட்டுநர்களின் எதிர்ப்பையொட்டி நடைமுறைப்படுத்தப்படாமல் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பர் 23 அன்று புனேயின் வாகோலியில் நடைபாதையில் உறங்கிய கூலித் தொழிலாளர்கள்மீது ஒரு டிப்பர் லாரி ஏறி, இரு குழந்தைகள் உட்பட மூவர் இறந்தனர். ஓட்டுநர் மது மயக்கத்தில் இருந்ததாகக் காவல்துறை கூறியது. செல்வர்வீட்டுக் கார் மட்டுமன்றிக் கூலிக்கு ஓட்டப்படும் லாரியும் இவ்வரலாற்றில் இடம்பெறுகிறது. இறப்பவர் மட்டும் மாறுவதில்லை.

கார்ட்டர் சாலை வழக்கில் சட்டம் ஓட்டுநரிடம் 'அறிவு' இருந்ததெனத் துணிந்தது. அத்துணிபு நேரியதே. ஆனால் அதே அளவுகோலை மேலும் சற்று நீட்டினால், நடைபாதையில் குடிசை அமைத்தவருக்கு அவ்வறிவு இல்லையா? சாலைப் பணியை ஒப்பந்தத்துக்கு விட்ட அமைப்புக்கு இல்லையா? 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வீடற்றோர் 17.7 இலட்சம் பேர் எனப் பதிவுசெய்தது. ஒரு இலட்சம் மக்கள்தொகைக்கு நூறு பேர் தங்கும் இரவு உறைவிடம் ஒன்றேனும் வேண்டும் என்னும் அளவும் வகுக்கப்பட்டுள்ளது. எத்தனை பேர் வெளியில் உறங்குகின்றனர் என்று எண்ணிக் கணக்கிட்ட பிறகு, அறியவில்லை என்று கூற அரசுக்கு இடமில்லை.

முடிவுரை

பொறுப்பைப் பலர்க்கும் பகிர்வதால் ஓட்டுநரின் குற்றம் குறைந்துவிடாது. மயக்கத்தை விலைக்கு வாங்கியவர் அவரே. ஊர்தியைச் செலுத்தியவரும் அவரே. ஆயினும் குற்றவியல் சட்டம் ஓரிரவில் ஒருவர் செய்ததை மட்டுமே காண்கிறது. அவ்விரவுக்கு முன்பே நகரம் தன் தொழிலாளரை எங்கே உறங்க வைத்தது என்னும் வினா அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. 1981இல் சேலத்துக்கு ஏற்றி அனுப்பப்பட்டும் மீண்டுவந்து நடைபாதையில் தங்கிய அந்தத் தொழிலாளி, வேலை இருக்கும் இடத்தில்தான் மனிதன் உறங்குவான் என்பதை மெய்ப்பித்தார். அதனை ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், அவ்வாறு உறங்குவோரின் உயிர்க்காப்பையும் உடன் எண்ணியிருந்தால் நடைபாதை மரணங்களின் வரலாறு வேறு திசையில் சென்றிருக்கக்கூடும். வாழ்வாதாரத்தையும் உயிர்க்காப்பையும் ஒருசேர நோக்கும் சட்டச் சிந்தனையே இனித் தேவைப்படுவது என இக்கட்டுரை முடிவு கொள்கிறது.