அஞ்சலும் நாட்காட்டியும்: சிங்கப்பூர்த் தமிழர் கணினியில் மடல் எழுதத் தொடங்கிய வரலாறு

சிராங்கூன் சாலையில் கடை வைத்திருக்கும் ஒருவர் இன்று தம் கணினியில் மின்னஞ்சல் மென்பொருள் ஒன்றை முதன்முதலாகத் திறக்கிறார் என்று கொள்வோம். அவர் தம் பெயரையும் முகவரியையும் கடவுச்சொல்லையும் பதிகிறார். சில நிமிடங்களில் கடிதங்கள் வந்து இறங்குகின்றன. பக்கத்திலேயே நாட்காட்டியும் திறந்துகொள்கிறது. தஞ்சாவூரில் உள்ள உறவினருக்கு அவர் தமிழில் எழுதினால், அது தமிழாகவே போய்ச் சேருகிறது. இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை என்றே அவர் நினைப்பார்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் இதே செயல் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. எழுதுபவரிடம் இருந்த எழுத்துரு பெறுபவரிடமும் இருக்க வேண்டும். இல்லையேல் தமிழ்க் கடிதம் பொருளற்ற குறிகளின் வரிசையாகத் திரையில் தோன்றும். கருவிகள் பெருகியது மட்டும் இந்நிலையை மாற்றவில்லை. எந்த எண் எந்தத் தமிழ் எழுத்தைக் குறிக்கும் என்பதில் உலகத் தமிழர் மெல்ல மெல்ல எட்டிய உடன்பாடே இதனை மாற்றியது. அந்த உடன்பாட்டு முயற்சியின் முக்கியக் கட்டங்கள் சில இந்நகரில் நிகழ்ந்தன. அவற்றை நினைவுகூர்வதும், அஞ்சலில் நாம் பெற்றதை நாட்காட்டியில் இன்னும் பெறவில்லை என்பதைச் சுட்டுவதும் இவ்வுரையின் நோக்கம்.

128 இடங்கள்

கணினி எழுத்தை அறியாது, எண்ணையே அறியும். இணையத்தில் அஞ்சல் செல்லும் முறையை வகுத்த 1982ஆம் ஆண்டின் தரம், ஆங்கிலத்துக்கெனப் பிறந்த ஏழு பிட்டுக் குறியீட்டையே ஏற்றது. ஏழு பிட்டுகளில் அமையக்கூடிய எண்கள் 128. ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகளும் எண்களும் நிறுத்தற்குறிகளும் கட்டளைக் குறிகளும் அவ்விடங்களை நிரப்பிவிட்டன. உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துகளைக் கொண்ட தமிழுக்கு அங்கே இடமில்லை. 1992ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மைம் என்னும் தரம், பிறமொழி எழுத்துகளையும் கோப்புகளையும் அந்தக் குறுகிய வழியிலேயே பொதிந்து அனுப்ப வகைசெய்தது. ஆயினும் பொதிக்குள் இருப்பது எந்த மொழியின் எந்தக் குறியீடு என்பதை இரு முனைகளும் அறிந்திருக்க வேண்டும். தமிழுக்கு அத்தகைய பொதுக் குறியீடு எதுவும் அப்போது வழக்கில் நிலைபெறவில்லை.

ஆகவே தொடக்கத்தில் தமிழர் தமிழை ஆங்கில எழுத்துகளில் எழுதினர். லகர, ளகர, ழகரங்களுக்கும் குறில், நெடிலுக்கும் ஆளுக்கொரு முறை வைத்துக்கொண்டனர். பின்னர் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வரைந்த எழுத்துருக்கள் வந்தன. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த வேதியியல் அறிஞர் கு. கல்யாணசுந்தரம் உருவாக்கி இலவசமாக வழங்கிய மயிலை எழுத்துரு அவ்வகையில் பலருக்கும் பயன்பட்டது. ஏழு பிட்டு வழியிலேயே சென்றதால் கடிதம் சிதையாமல் போய்ச் சேரும். எழுத்துரு இல்லாத கணினியிலோ ஆங்கில எழுத்துகளின் குவியலாகத் தெரியும்.

1995 முதல் 1997 வரை

சிங்கப்பூரில் 1994ஆம் ஆண்டில் சிங்நெட் வழியாகப் பொதுமக்களுக்கு இணையச் சேவை கிடைத்தது. நான்கு அதிகாரத்துவ மொழிகளைக் கொண்ட இந்நாட்டில், இணையத்தில் அந்நான்கும் சமமாக நிற்க முடியுமா என்னும் கேள்வி இயல்பாகவே எழுந்தது. அதற்கான முதல் விடை 1995ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள் கிடைத்தது. அன்று அதிபர் ஓங் டெங் சியோங், சிங்கப்பூர்க் கவிதைகளை நான்கு மொழிகளிலும் வழங்கிய இணையத்தளம் ஒன்றைத் தொடங்கிவைத்தார். அத்தளத்தில் தமிழ் எழுத்துகள் தமிழ் எழுத்துகளாகவே தோன்றின.

அத்தமிழ்ப் பகுதிக்குப் பின்னால் நின்றவர் நா. கோவிந்தசாமி. தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக இருந்த அவர், 1994ஆம் ஆண்டில் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது பெற்ற சிறுகதையாசிரியர். பொறியாளராகப் பயிலாத ஒருவர் எழுத்துருவையும் விசைப்பலகையையும் உருவாக்கும் பணியில் இறங்கியதற்குக் காரணம், தமிழாசிரியருக்கு இருந்த தேவையே. தாம் உருவாக்கிய முறைக்கு அவர் கணியன் என்று பெயரிட்டார். சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் டின் வீ முதலிய இணைய ஆய்வாளர்களும் அவரோடு இணைந்து உழைத்தனர்.

கோவிந்தசாமி அதோடு நிற்கவில்லை. அந்நாளில் ஒவ்வொரு மென்பொருளும் தனக்கென ஒரு குறியீட்டை வைத்திருந்தது. கணியனில் எழுதியதை மயிலையிலும், மயிலையில் எழுதியதை மற்றொன்றிலும் படிக்க இயலாது. இச்சிக்கலைப் பேசித் தீர்க்க, 1997ஆம் ஆண்டு மே 17, 18 ஆகிய நாள்களில் தமிழ்நெட் 97 என்னும் அனைத்துலகக் கருத்தரங்கு சிங்கப்பூரில் நடைபெற்றது. அதனை முன்னின்று நடத்தியவர்களுள் அவர் தலையானவர். தனித்தனியே உழைத்துவந்தவர்கள் ஒரே அறையில் அமர்ந்தது அதன் முதற்பயன். பொதுத் தரம் ஒன்று வேண்டும் என்பதில் எழுந்த ஒருமித்த கருத்து இரண்டாம் பயன்.

அஞ்சல் என்னும் பெயர்

இதே காலத்தில் மலேசியாவில் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் பரவிக்கொண்டிருந்தது. பெயரே அதன் நோக்கத்தைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில விசைகளை ஒலிக்கேற்பத் தட்டித் தமிழை எழுதும் முறை, தமிழ்த் தட்டச்சு பயிலாதவர்க்கும் மடல் எழுதும் துணிவைத் தந்தது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த பாலா பிள்ளை தொடங்கிய தமிழ்.நெட் மடற்குழுவில் பல நாட்டுத் தமிழர் நாள்தோறும் தமிழில் எழுதினர்.

அக்காலத்தில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ், நெட்ஸ்கேப் போன்ற மென்பொருள்களில் தமிழ் மடல் படிக்கத் தொடங்குபவருக்குச் சொல்லப்பட்ட பாடம் நினைவுகூரத் தக்கது. முதலில் எழுத்துருவைத் தருவித்து நிறுவ வேண்டும். அடுத்து, குறியீடுகளின் பட்டியலுக்குச் செல்ல வேண்டும். அங்கே சீனம், சப்பானியம், கொரியம் எனப் பெயர்கள் இருக்கும், தமிழ் இராது. ஆகவே 'பயனர் வரையறுத்தது' என்னும் வரியைத் தேர்ந்து, அதற்குரிய எழுத்துருவாகத் தமிழைப் பொருத்த வேண்டும். பெயரில்லாதவர்க்கு ஒதுக்கிய அந்த வரியின் கீழ்தான் நம் மொழியின் தொடக்ககால மடல்கள் பயணம் செய்தன.

அம்மடல்கள் வீண்போகவில்லை. திஸ்கி எனப்பட்ட எட்டு பிட்டுக் குறியீடு, பல நாடுகளில் இருந்தவர்கள் மின்னஞ்சல் வழியே வாதிட்டு வகுத்ததாகும். ஆங்கிலத்தை முதல் 128 இடங்களில் வைத்து, தமிழை அடுத்த 128 இடங்களில் அமைத்ததால், ஒரே மடலில் இருமொழியும் எழுத முடிந்தது. பழந்தமிழ் நூல்களை மின்வடிவில் தரும் மதுரைத் திட்டமும் இம்மடற்குழு நட்பிலிருந்தே பிறந்து, 1998ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கியது.

உடன்பாடு

1999ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ்நெட் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ் 99 விசைப்பலகையும், டாம், டாப் என்னும் குறியீடுகளும் தமிழக அரசின் ஏற்பைப் பெற்றன. அவ்வாண்டு மே மாதம் கோவிந்தசாமி மறைந்தார். அடுத்த ஆண்டு சூலை மாதம் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு மீண்டும் கூடியபோது, உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றமாகிய உத்தமம் உருப்பெற்றது. 1997இல் இங்கே விதைத்ததை அறுவடை செய்ய அவர் இருக்கவில்லை.

இதற்கிடையே யூனிகோடு உலகத் தரமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு அதில் 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆனால் அதைத் திரையில் காட்டும் இயங்குதளம் வேண்டியிருந்தது. விண்டோஸ் 2000 லதா எழுத்துருவுடன் வந்தபோது அத்தடை நீங்கத் தொடங்கியது. எழுத்துகளைத் துண்டாக்கும் அதன் அமைப்பைத் தமிழறிஞர் சிலர் ஏற்கவில்லை. தமிழக அரசு 2010ஆம் ஆண்டில் யூனிகோட்டை ஏற்றபோதும், எல்லா எழுத்துக்கும் தனியிடம் தரும் டேஸ் 16 முறையையும் உடன் வைத்துக்கொண்டது. எனினும் அஞ்சலைப் பொறுத்தவரை வழக்கு முடிந்துவிட்டது. எழுத்துருவைத் தேடாமல், பட்டியலில் எதையும் தேர்ந்தெடுக்காமல், மடல் மடலாகத் தெரிந்தது.

முகவரி மட்டும் எஞ்சியிருந்தது. உள்ளே தமிழும் உறைமேல் ஆங்கிலமுமாகவே கடிதங்கள் சென்றன. பிறமொழி எழுத்துகளில் இணைய முகவரி அமைக்கும் முறையை 1998ஆம் ஆண்டில் செய்துகாட்டியதும் டான் டின் வீயின் குழுவே. அதன் பயனாக .இலங்கை, .இந்தியா, .சிங்கப்பூர் ஆகியவை தமிழ் எழுத்திலேயே முகவரி ஈறுகளாயின. 2012ஆம் ஆண்டின் அஞ்சல் தரம், முகவரியின் முற்பகுதியையும் தமிழில் எழுத வழிவிட்டது. ஆயினும் இருமுனைகளிலும் உள்ள வழங்கிகள் அத்தரத்தை ஏற்றால்தான் மடல் சேரும். 1995இன் சிக்கல் வேறு வடிவில் தொடர்கிறது எனலாம்.

தைப்பூசத்தை அறியாத நாட்காட்டி

அலுவலகக் கணினிகளில் அஞ்சலும் நாட்காட்டியும் ஒன்றாகவே வருகின்றன. கடை, கோயில், பள்ளி, சங்கம் அனைத்தும் இன்று அந்நாட்காட்டியிலேயே நாள் குறிக்கின்றன. 1998ஆம் ஆண்டில் வகுத்து 2009இல் திருத்தப்பட்ட ஐகேலண்டர் என்னும் தரமே, ஒரு மென்பொருளில் குறித்த நாளை மற்றொன்று புரிந்துகொள்ள உதவுகிறது. அதில் தமிழை எழுதலாம். ஒரு வரி 75 பைட்டுகளுக்கு மேற்படலாகாது என்பது அதன் விதி. 'தமிழ்' என்னும் சொல் யூனிகோட்டின் யுடிஎஃப் 8 வடிவில் 15 பைட்டுகளைக் கொள்கிறது. ஐந்து முறை எழுதினால் வரி நிறைந்துவிடும். மீதியை மடித்து அடுத்த வரிக்கு அனுப்பும்போது, கவனமற்ற மென்பொருள் எழுத்தின் நடுவே வெட்டிவிடக்கூடும் என்று அத்தரமே எச்சரிக்கிறது.

எழுத்து நுழைந்தாலும் காலக்கணக்கு நுழையவில்லை. ஆண்டுதோறும் திரும்பும் நாளை, 'நவம்பர் மாத மூன்றாம் ஞாயிறு' என்பதுபோல் குறிக்கலாம். பொங்கல் சூரியக் கணக்கில் அமைவதால் சனவரி 14 அல்லது 15 என்று பெரும்பாலும் பொருந்திவிடும். தை மாதப் பூச நட்சத்திரமும், ஐப்பசித் தேய்பிறைச் சதுர்த்தசியும் அவ்வாறு அடங்கா. தைப்பூசம் 2024இல் சனவரி 25. 2025இல் பிப்ரவரி 11. தீபாவளி 2023இல் நவம்பர் 12. 2024இல் அக்டோபர் 31. 2015ஆம் ஆண்டில் வந்த கூடுதல் தரம் சீனம், எபிரேயம் முதலிய நாட்காட்டிகளின்படி திரும்பும் நாளைக் குறிக்க வழிசெய்தது. அத்தரம் நம்பியிருக்கும் பட்டியலில் இந்திய அரசின் சக நாட்காட்டி உண்டு. தமிழ் நாட்காட்டி இல்லை.

சிங்கப்பூரின் பொது விடுமுறைப் பட்டியலை ஒருவர் தம் மென்பொருளில் சேர்த்துக்கொண்டால் தீபாவளி தெரியும். தைப்பூசம் தெரியாது; 1968ஆம் ஆண்டு முதல் அது இங்குப் பொது விடுமுறையன்று. ஆகவே லிட்டில் இந்தியாக் கடைச் சுவர்களில் தொங்கும் நாள்கிழிக்கும் நாட்காட்டியைப் பார்த்து, ஆண்டுதோறும் கையால் பதிகிறோம். எழுத்துக்கு நேர்ந்த தீர்வே இதற்கும் உரியது. அறிந்தோர் கூடி ஒரு வரையறை செய்து, உலகத் தர அமைப்புகளின் முன் வைக்க வேண்டும். எந்தப் பஞ்சாங்கம் என்னும் வழக்கு எழும். எந்தக் குறியீடு என்னும் வழக்கும் அன்று எழுந்ததே.

நம் கையில் உள்ள கடமை

இறுதியாக ஒன்று. பொன்விழா ஆண்டாகிய 2015இல் தேசிய நூலகமும் தமிழ்ச் சமூகமும் இணைந்து, சுதந்திர சிங்கப்பூரின் ஐம்பதாண்டுத் தமிழிலக்கிய நூல்களை மின்வடிவாக்கின. அச்சில் வந்தவை அவ்வாறு காக்கப்பட்டன. தொண்ணூறுகளின் தமிழ் மடல்களோ பழைய கணினிகளிலும் குறுந்தட்டுகளிலும் 'பயனர் வரையறுத்தது' என்னும் பெயரோடு கிடக்கின்றன. இன்றைய மென்பொருளில் திறந்தால் அவை சிதைந்த குறிகளாகவே தெரியும். அவை அழிந்துவிடவில்லை, எண்கள் அப்படியே உள்ளன. எந்த எண் எந்த எழுத்து என்று சொல்ல வேண்டும், அவ்வளவே. அதைச் சொல்ல வல்லவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். இத்தகைய மடல்களை வைத்திருப்போர், பெயர்த்தெழுதும் முன் மூலக்கோப்பைப் படியெடுத்து, எந்த எழுத்துருவில் எழுதினோம் என்பதையும் ஒரு தாளில் குறித்து உடன் வைக்க வேண்டுகிறேன். சிங்கப்பூர்த் தமிழர் இணையத்தில் எவ்வாறு தமிழ் எழுதத் தொடங்கினர் என்பதற்கு, அவர்கள் எழுதிய மடல்களைவிடச் சிறந்த சான்று வேறில்லை.