பெருந்தொற்றுக் காலத்தில் பைப்பில் தண்ணி வந்தது எப்படி?

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை பின்னேரம் 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு போட்டார்கள். இரண்டு நாளில் யாழ்ப்பாணத்திலும் முதல் கொரோனா நோயாளி அடையாளம் காணப்பட்டார். நான் அப்போது ஏ.எல். படிச்சுக்கொண்டிருந்தேன். ரேடியோ, டிவி, பேஸ்புக் எல்லாத்திலயும் ஒரே அறிவுரைதான்: சவர்க்காரம் போட்டு 20 செக்கன் கை கழுவுங்கோ.

ஒரு சின்னக் கணக்குப் பார்ப்பம். நிமிடத்துக்கு 6 லீற்றர் ஓடுற பைப்பை 20 செக்கன் திறந்துவிட்டால் 2 லீற்றர் போகும். ஐந்து பேர் இருக்கிற வீட்டில் ஆளுக்குப் பத்துத் தரம் கழுவினால் ஒரு நாளைக்கு 100 லீற்றர். அது கைக்கு மட்டும். குடிக்க, சமைக்க, குளிக்க வேற. இந்தத் தண்ணியை ஆர் கொண்டுவந்தது எண்டு அந்த நாட்களில் நாங்கள் ஒருத்தரும் கேட்கவில்லை.

மயிலிட்டியில் எங்களுக்கு அந்தக் கேள்வி வந்திருக்க வேணும். 1990 ஜூனில் ஊரே இடம்பெயர்ந்தது. துறைமுகத்தோடு 54 ஏக்கர் 2017 ஜூலை 3இல் விடுவிக்கப்பட்டது. 2018 சித்திரையில் இன்னும் கொஞ்சக் காணி கிடைத்த பிறகுதான் எங்கட குடும்பம் திரும்பி வந்தது. கிணறு இருந்தது. ஆனால் உள்ளுக்குள்ள வேரும் கல்லும்தான். துப்புரவாக்கி இறைத்த பிறகும் வாயில் வைக்க ஏலாத உவர். குடிக்கிற தண்ணி பவுசரில் வந்து றோட்டோரத் தாங்கியில் இறங்கும். ஊரடங்கு நாட்களில் ஒழுங்கையில் வேற வாகனச் சத்தமே இல்லை. பவுசர் வாற சத்தம் கேட்டதும் அம்மா வாளியையும் கானையும் எடுத்துவைப்பா. ஓடிவந்தவரின் முகம் மாஸ்க்குக்குள். அவரின் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வரலாறு படிக்கிற பிள்ளையாக இதை யோசிச்சால் கொஞ்சம் வெட்கமாக இருக்குது. பெருந்தொற்று வரலாற்றில் வைத்தியர்கள் இருப்பார்கள், தாதியர் இருப்பார்கள், அரசியல்வாதிகள் கட்டாயம் இருப்பார்கள். தண்ணி வேலையாட்கள் மட்டும் இருக்க மாட்டார்கள். 1866–67இல் யாழ்ப்பாணத்தைக் கொலரா தாக்கியபோது மானிப்பாயில் வைத்தியம் பார்த்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் பெயரை ஒரு வைத்தியசாலை இன்றும் தாங்கி நிற்கிறது. அது நியாயமான மரியாதைதான். ஆனால் கொலரா பரவுவதே தண்ணியால். அப்படியெண்டால் அந்த நோயின் வரலாற்றில் பாதி தண்ணியின் வரலாறு.

இதை ஜேர்மனியின் இரண்டு நகரங்கள் தெளிவாகக் காட்டின. 1892இல் ஹம்பேர்க்கில் கொலரா வந்து சுமார் 8,600 பேர் இறந்தார்கள். அந்த நகரம் எல்பே ஆற்றுத் தண்ணியை வடிகட்டாமலே பைப்பில் விட்டது. பக்கத்தில் ஒட்டியிருந்த அல்டோனாவும் அதே ஆற்றுத் தண்ணியைத்தான் எடுத்தது, அதுவும் ஹம்பேர்க்கின் கழிவு கலந்த பிறகு. ஆனால் அது 1859 முதல் மணல் வடிகளால் வடிகட்டி விநியோகித்து வந்தது. எல்லையில் இருந்த ஒரே தெருவில் ஹம்பேர்க் தண்ணி போன பக்கம் நோய், அல்டோனா தண்ணி போன பக்கம் அநேகமாக இல்லை.

பாடப் புத்தகங்கள் இதோடு கதையை முடித்துவிடும். எனக்கு முக்கியமாகப் படுவது அதற்குப் பிறகு நடந்தது. அடுத்த குளிர்காலத்தில் அல்டோனாவிலும் கொலரா எட்டிப்பார்த்தது. ரொபேர்ட் கொக் தேடிப் பார்த்தபோது, கடும் குளிரில் உறைந்து பழுதான ஒரு வடிதான் காரணம் எண்டு முடிவுக்கு வந்தார். அதாவது ஊரைக் காப்பாற்றியது வெறும் மணல் இல்லை. அந்த மணலின் மேல்படை அடைக்கும்போதெல்லாம் அதைச் சுரண்டி எடுத்துச் சீராக வைத்திருந்த ஆட்களின் வேலை. அந்த வேலை ஒரு இடத்தில் தடைப்பட்டதும் நோய் உள்ளே வந்துவிட்டது.

2020இலும் அடிப்படை இதுதான். கொரோனா குடிநீரால் பரவுற நோய் இல்லை. வழமையான குளோரினே அந்த வைரஸை அழிக்கப் போதும் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஆனால் குளோரின் தானாகப் போய்த் தண்ணியில் விழாது. பைப்பின் கடைசி வீட்டிலும் லீற்றருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் மிஞ்சியிருக்க வேணும். ஒராள் அளந்து போட வேணும், இன்னொராள் மாதிரித் தண்ணியில் மாத்திரையைக் கரைத்து இளஞ்சிவப்பு நிறம் வருதா எண்டு பார்க்க வேணும். பம்புக்கு இரவுபகலாக ஆள் நிற்க வேணும். பைப் வெடித்தால் கிடங்கு வெட்ட வேணும், ஒரு கிடங்குக்குள் இரண்டு பேர் நின்றால் ஒரு மீற்றர் இடைவெளி எங்க வரும்? எங்களுக்கு வகுப்பு சூமுக்கு மாறியது. பம்பை சூமில் ஓட்ட ஏலாது.

அமெரிக்காவில் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாட் கடல்நீர் சுத்திகரிப்பு ஆலையில் 2020 மார்ச்சில் 10 பேர் தாங்களாக முன்வந்து 21 நாள் ஆலைக்குள்ளேயே தங்கினார்கள். வெளியில் போய் ஒருவர் தொற்றோடு திரும்பினால், அந்த ஆலையை ஓட்டத் தெரிந்த எல்லாரும் ஒரே நேரத்தில் படுத்துவிடுவார்கள் எண்ட பயம். அந்த ஆலையின் தண்ணியை நம்பி சுமார் 4 இலட்சம் பேர் இருந்தார்கள்.

இலங்கையில் இந்தப் பொறுப்பு 1975 ஜனவரி 1இல் தொடங்கிய தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமும் உள்ளூராட்சி மன்றங்களிடமும் இருக்கிறது. அந்த மார்ச்சில் மின்சார, நீர்க் கட்டணங்களுக்கு ஏப்ரல் 30 வரை அரசு அவகாசம் கொடுத்தது. சனத்துக்கு அது பெரிய ஆறுதல். ஆனால் காசு பிந்தி வந்தாலும் பம்புக்குக் கறண்ட் வேணும், குளோரின் வேணும், ஆட்களுக்குச் சம்பளம் வேணும். அந்த நெருக்கடிக்குள்ளும் தண்ணி வந்தது. தண்ணி வேலையில் சாதனை எண்டால் இதுதான்: ஒரு கெட்டதும் நடக்காமல் இருப்பது. நடக்காத ஒன்றுக்கு ஒருத்தரும் கைதட்டுவதில்லை.

"எங்களுக்குக் கிணறு இருக்குதுதானே, சபை எதுக்கு?" எண்டு யாழ்ப்பாணத்தில் இப்பவும் கேட்கிற ஆட்கள் இருக்கினம். எங்கட நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக்கல். மேலே ஊத்துறது எதுவும் கெதியாகக் கீழே இறங்கிவிடும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் கலந்ததை மறக்கேலாது. 2019 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அங்கிருந்த மின் நிறுவனத்தை 2 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. 2024 ஓகஸ்ட் 2இல் தாழையடியில் ஒரு நாளைக்கு 24,000 கனமீற்றர் தரக்கூடிய கடல்நீர் சுத்திகரிப்பு ஆலை திறக்கப்பட்டது. இனி எங்கட தண்ணியும் இன்னும் கூடுதலாக ஆட்களின் கையால்தான் வரும்.

அதனால் ஒரு வேண்டுகோள். உங்கட ஒழுங்கையில் பம்ப் ஓட்டுநர், மீற்றர் வாசிப்பவர், பவுசர் சாரதி ஆராவது இருந்தால் போய்க் கதையுங்கோ. 2020இலும் 2021இலும் வேலைக்குப் போக பாஸ் எப்பிடி எடுத்தீங்கள், முதல் மாஸ்க் ஆர் தந்தது, ஒராளுக்குத் தொற்று வந்தால் அவரின் ஷிப்டை ஆர் பார்த்தது, வீட்டுக்குத் திரும்பேக்க பிள்ளைகளைத் தூக்கப் பயந்தீங்களா எண்டு கேளுங்கோ. போனில் பதிஞ்சு வையுங்கோ. ஐந்து வருசத்துக்குள்ளேயே நாங்கள் நிறைய மறந்துவிட்டோம், ஐம்பது வருசத்துக்குப் பிறகு கேட்க அவர்கள் இருக்க மாட்டார்கள்.

நான் பவுசர் ஓடிவந்த அந்த அண்ணையின் பெயரைக் கேட்பதிலிருந்து தொடங்கப் போறன்.