ஏலமலைத் தமிழரும் கம்பம் பள்ளத்தாக்கும்: குடியேற்றம் பற்றிய ஒரு மறுவாசிப்பு

கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மலைப்பாதைகள் கம்பம் பள்ளத்தாக்கைக் கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தோடு இணைக்கின்றன. இவ்வழிகளில் நூறாண்டுக்கு மேலாக ஏறிச்சென்ற தமிழர் மலையில் பெருஞ்சமூகமாகப் பெருகியுள்ளனர். ஆயினும் அவர்களை வந்துபோகும் கூலிகளாகவே காணும் பார்வை ஆய்வெழுத்திலும் நீடிக்கிறது. அவர்களைக் காலூன்றவிடாமல் வைத்தவை நில உரிமையும் குடியிருப்பு விதிகளுமே என்பது என் வாதம்.

1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாறு அரசரிடம் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். பின்னர் தேயிலை பரவியது. கங்காணிகள் தமிழ் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆள் கொண்டுவந்தனர். அவர்களுக்குக் கிடைத்தது லயம் எனும் வரிசை வீடு. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு தருவதை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால் அந்த வீடு வேலையோடு கட்டப்பட்டது. ஓய்வு பெற்றவர் வெளியேற வேண்டும். மகனோ மருமகளோ தோட்டத்தின் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் பெயர் பதித்தால்தான் அதே கூரையின்கீழ் குடும்பம் தொடரும். மூன்று, நான்கு தலைமுறை உழைத்தும் ஒரு சென்ட் நிலம் இல்லாத குடும்பங்கள் இப்படித்தான் உருவாயின. முதுமையில் அவர்கள் கீழே இறங்குவதைச் சொந்த ஊர்ப்பற்று என்று மட்டும் விளக்குவது அநீதி.

1955இல் மாநிலச் சீரமைப்பு ஆணையம், தமிழ் பேசுவோர் பெரும்பான்மையாக இருந்த தேவிகுளத்தையும், அதோடு பீர்மேட்டையும் திருவிதாங்கூர்-கொச்சிப் பக்கமே விடப் பரிந்துரைத்தது. அதே ஆண்டுகளில் கல்லார் பகுதியில் மலையாளக் குடும்பங்களுக்கு அரசே நிலம் கொடுத்துக் குடியேற்றியது. இரு சாராருமே வெளியிலிருந்து மலையேறியவர்கள்தாம். ஒருவருக்குப் பட்டா கிடைத்தது, மற்றவருக்குச் செக்ரோல்.

ஏலத்தோட்டத்தின் கதை சற்று வேறு. கம்பம், தேவாரம், போடி வட்டாரப் பெண்கள் விடியுமுன் ஜீப்பில் ஏறிக் காய் எடுத்துவிட்டு அந்தியில் திரும்புகிறார்கள். இடுக்கியின் மக்கள்தொகைக் கணக்கில் இவர்கள் இல்லை. அம்மலையின் ஏலக்காய் விளைச்சலோ இவர்கள் கையில். தோட்ட உடைமையாளரிலும் போடி வணிகரிலும் தமிழர் உண்டு. எனவே மொழி ஒன்று என்பதால் இச்சமூகத்தை ஒரே வர்க்கமாகக் கொள்ள இயலாது. 2011 டிசம்பரில் முல்லைப்பெரியாறு அணைத் தகராற்றால் இரு மாநிலங்களுக்கிடையே பதற்றம் மூண்டபோது அஞ்சி இறங்கியோரில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளரே.

சட்டத்தின் முன்னும் மலைத் தமிழரின் வருகைத் தேதியே வழக்காகிறது. 2021இல் பட்டியல் சாதியினருக்கான தேவிகுளம் தனித்தொகுதியில் வென்று தமிழில் உறுதிமொழி ஏற்ற ஆ. ராஜாவின் தேர்தல் வழக்கில், அவரது மதத்தோடு, முன்னோர் 1950க்கு முன்பே அங்கு குடியேறினரா என்பதும் ஆராயப்பட்டது. உயர் நீதிமன்றம் 2023இல் ரத்து செய்த அவர் வெற்றியை உச்ச நீதிமன்றம் 2025இல் உறுதிசெய்தது.

இத்தகைய வழக்குகளில் பழைய தோட்டப் பதிவேடுகள் விலைமதிப்பற்ற சான்று. பீர்மேட்டில் 2000 முதல் பல தேயிலைத் தோட்டங்கள் மூடப்பட்டன. எஞ்சிய செக்ரோல்களைக் கரையான் தின்னுமுன் இரு மாநில ஆவணக் காப்பகங்களும் கைப்பற்றிக் காக்க வேண்டும்.