திரும்புதல் என்னும் வினை: திருச்சிராப்பள்ளி வட்டாரக் கிறிஸ்தவ மரபில் மனமாற்றம்

மதமாற்றம் என்ற சொல் தமிழ்ப் பொதுப்பேச்சில் ஒரு நாளைக் குறிக்கிறது. ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் ஏறிய நாள் அது. கிறிஸ்தவ நம்பிக்கை ஒரு மனிதரை உண்மையில் மாற்றுகிறதா என்று கேட்டால், ஆம் என்போரும் இல்லை என்போரும் அந்த நாளைச் சுற்றியே வாதிடுகிறார்கள். அன்று எல்லாம் புதிதாயிற்று என்கிறார் ஒருவர். அன்று பெயரைத் தவிர எதுவும் மாறவில்லை என்கிறார் மற்றவர். பச்சைமலை அடிவாரம் முதல் காவிரிக்கரை வரை விரியும் திருச்சிராப்பள்ளி வட்டாரமும் அதனோடு தொடர்புடைய தஞ்சை, மதுரை, நெல்லைப் பகுதிகளும் விட்டுச்சென்ற நானூறு ஆண்டுச் சான்றுகள் இவ்விரு தரப்புக்கும் இடம் தருவதில்லை. இம்மரபில் மனமாற்றம் ஒருநாள் நிகழ்ச்சி அன்று. வாழ்நாள் முழுதும் நீளும் பயிற்சி அது, அப்பயிற்சி பல வேளை தோற்றும் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதல் சான்று சொற்களில் கிடைக்கிறது. புரொட்டஸ்டண்டு சபைகள் மாற்றத்தைக் ‘குணப்படுதல்’ என்றன. நோய் நீங்குவதும் நற்குணம் அடைவதும் தமிழில் ஒரே சொல்லில் அடங்குகின்றன. நோய் நீங்கியவர் பத்தியம் காக்க வேண்டும் என்பதும் அச்சொல்லுக்குள் மறைந்திருக்கிறது. கத்தோலிக்கர் ‘மனஸ்தாபம்’ என்றனர். இன்று இருவருக்கிடையிலான வருத்தத்தைக் குறிக்கும் இச்சொல், அங்கே தன் பாவத்தை எண்ணி மனம் வேகும் நிலையைக் குறித்தது. தமிழ் விவிலியத்தின் ‘மனந்திரும்புதல்’ இன்னும் நுட்பமானது. மூலக் கிரேக்கச் சொல்லான ‘மெட்டநோயா’ எண்ணம் மாறுவதைச் சொல்கிறது. தமிழ்ச்சொல்லோ, எபிரேயத்தின் ‘ஷூவ்’ போல, திசை மாறுவதையும் புறப்பட்ட இடத்துக்கு மீள்வதையும் சேர்த்துச் சொல்கிறது. திரும்பியவர் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை, நடக்க வேண்டிய வழி மீதமிருக்கிறது.

எது மாற வேண்டும் என்ற கேள்வி இங்கே தொடக்கத்திலேயே எழுந்தது. 1606-இல் மதுரைக்கு வந்து, பின்னர் திருச்சிராப்பள்ளிப் பகுதியிலும் பணியாற்றிய இயேசு சபைத் துறவி இராபர்ட் தெ நொபிலி, பூணூலும் குடுமியும் சந்தனமும் சமூக அடையாளங்களே, அவற்றைக் களையாமலே ஒருவர் கிறிஸ்தவர் ஆகலாம் என்று வாதிட்டார். திருத்தந்தை பதினைந்தாம் கிரகோரி 1623-இல் அதை ஏற்று அனுமதி அளித்தார். மாற்றம் உடையிலும் உணவிலும் இல்லை, உள்ளத்தில்தான் என்பது இதன் பொருள். நூறாண்டுக்கு மேல் கழித்துத் திருச்சிராப்பள்ளிக் கோட்டையில் கிறிஸ்து ஆலயத்தை 1766-இல் எழுப்பிய புரொட்டஸ்டண்டு மிஷனரி சுவார்ட்ஸ் வேறொரு பக்கத்திலிருந்து இதே கேள்வியை அணுகினார். மராட்டியப் பிராமண விதவையான கிளாரிந்தா ஞானஸ்நானம் கேட்டபோது, ஆங்கிலேய அதிகாரி ஒருவரோடு மணமின்றி வாழ்ந்ததைக் காட்டி அவர் மறுத்தார் என்றும், அந்த அதிகாரி இறந்தபின் 1778-இல் பாளையங்கோட்டையில் ஞானஸ்நானம் அளித்தார் என்றும் சபை வரலாறு கூறுகிறது. அந்த மறுப்பின் கடுமையை இன்று நாம் குறை கூறலாம். ஆயினும் சடங்கு மாற்றத்தை உண்டாக்குவதில்லை, வாழ்க்கை முன்னே நடக்கச் சடங்கு பின்னே வருகிறது என்ற கருத்து அதில் தெளிவாக இருக்கிறது.

அப்படியானால் மாற்றம் மனித முயற்சியா, இறையருளா? இக்கேள்வி திருச்சிராப்பள்ளிக்குக் கப்பலேறி வந்ததன்று. திருவரங்கத்து வைணவ மரபு சரணாகதியைப் பற்றி நெடுங்காலம் வாதிட்டிருக்கிறது. தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டி, முயற்சியை வலியுறுத்தும் வடகலைப் பிரிவுக்கு உவமை. தாய் கவ்விச்செல்லும் பூனைக்குட்டி, அருளையே நம்பும் தென்கலைக்கு. வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை அம்மரபின் அருள்மொழியோடுதான் புதிய நம்பிக்கைக்குள் நுழைந்தார். 1894-இல் வெளிவந்த அவருடைய ‘இரட்சணிய யாத்திரிகம்’ ஜான் பனியனின் கதையைக் காப்பியமாக்கியது. அக்கதையில் பயணியின் முதுகுச்சுமை சிலுவையடியில் தொடக்கத்திலேயே கழன்று விழுந்துவிடுகிறது. மலையேற்றமும் போரும் சிறையும் ஆறும் அதற்குப் பிறகே வருகின்றன. சுமையை இறக்குவது அருள், வழியைக் கடப்பது பயிற்சி. பின்னர் இறையியலாளர் ஏ. ஜே. அப்பாசாமி 1927-இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கி நூல் எழுதியதும் இதே தடத்தில்தான். மாறியவர் தன் மொழியையும் மரபையும் உதறிவிடுகிறார் என்ற குற்றச்சாட்டுக்கு இந்நூல்களே மறுமொழி.

இன்னொரு மறுப்பு உண்டு. 1876–78 பெரும்பஞ்சத்தின்போது சென்னை மாகாணத்துச் சபைகளில் மக்கள் திரளாகச் சேர்ந்தனர். சோற்றுக்காக வந்தவர்களிடம் மனமாற்றத்தைத் தேடலாமா என்ற ஏளனம் அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இக்கேள்வி நியாயமானதே. ஆனால் நோக்கம் கலப்பற்றதாக இருந்தால்தான் மாற்றம் மெய் என்றால், எந்தச் சமயத்திலும் எவரும் மாறியதாகச் சொல்ல முடியாது. பசியோடு வந்தவர் கூழ் கிடைத்தபின் என்ன ஆனார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினாரா, குடியை விட்டாரா, பஞ்சம் தீர்ந்தபின் திரும்பிப் போனாரா என்பவை வந்த காரணத்தைவிடக் கூடுதலாகச் சொல்லக்கூடிய கேள்விகள். வந்த நாளை வைத்துத் தீர்ப்பளிப்பது மாற்றத்தை ஒரே நாளுக்குள் அடைக்கும் பழைய பிழையே.

எல்லாவற்றிலும் கனமான மறுப்பு சாதி. தெ நொபிலி சமூக வழக்கம் என்று விட்டுவைத்தவற்றுள் சாதி வேற்றுமையும் அடங்கியிருந்தது. 1640 முதல் பிற சாதியாருக்கெனப் பண்டாரசாமிகள் எனப்பட்ட இயேசு சபைக் குருக்கள் தனியே பணிபுரிந்தார்கள். சுவார்ட்ஸின் அன்பு மாணவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் 1829-இல் சபைக்குள் சாதி வழக்கத்தைக் காத்து எழுதினார். ஆயர் டேனியல் வில்சன் 1833-இல் சாதியை விலக்கச் சொல்லி ஆணையிட்டபோது தஞ்சாவூரிலும் திருச்சிராப்பள்ளியிலும் எதிர்ப்பு கிளம்பியது. திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கல்லறையில் தலித் கிறிஸ்தவரின் குழிகளைப் பிரித்து நின்ற சுவர் நம் காலத்துச் செய்தி. இது நம்பிக்கையின் தோல்வி அன்று, மனிதரின் தோல்வி என்று சொல்லித் தப்பிக்க இயலாது. மனிதரை மாற்றுவதாகச் சொல்லும் நம்பிக்கைக்கு அந்தச் சாக்கு பொருந்தாது. ஆனால் இங்கே ஒரு முரண் கவனத்துக்குரியது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை கிறிஸ்தவத்துக்கு மாறியவரைப் பட்டியல் சாதியாக ஏற்பதில்லை. சடங்கு முடிந்த நாளில் சாதியும் முடிந்தது என்று சட்டம் எடுத்துக்கொள்கிறது, கல்லறைச் சுவரோ அது முடியவில்லை என்று காட்டுகிறது. ஒருநாள் மாற்றம் என்ற கருத்தின் பிழைக்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அப்பிழையின் விலையையும் கடைசியில் நின்றவர்களே கொடுக்கிறார்கள்.

ஆகவே மாற்றத்தை ஏற்றுக்கொள்வது என்பது ஒரு முடிவை எடுப்பதோடு நின்றுவிடுவதில்லை. தனக்கு வசதியான எதை இன்னும் விடவில்லை என்று ஒருவர் திரும்பத் திரும்பத் தன்னைக் கேட்பது அது. கிளாரிந்தாவிடம் உறவுமுறையைக் கணக்குக் கேட்ட சபை, சாஸ்திரியாரிடமும் அவர் வழிவந்தோரிடமும் சாதியைக் கணக்குக் கேட்க நெடுங்காலம் தயங்கியது. எளியவரின் ஒழுக்கம் உடனே மாற வேண்டியதாகவும், வலியவரின் மேன்மை மெல்ல மாறலாம் என்றும் இருந்த அந்த ஏற்றத்தாழ்வுதான் இம்மரபின் மெய்யான குறை. இதை ஆராய ஞானஸ்நானப் பதிவேடு போதாது. திருமணப் பதிவேட்டில் யார் யாரோடு மணமுடித்தார்கள், நற்கருணைக் கிண்ணம் யாருக்கு முதலில் போயிற்று, யாருடைய குழி எங்கே தோண்டப்பட்டது என்று பார்த்தால், திரும்பியவர்கள் எவ்வளவு தூரம் நடந்தார்கள் என்பது தெரியவரும்.