குடிசைக்குப் பின்னால் ஒரு மாளிகை

1615இல் ஜப்பானின் ஒசாகா கோட்டை போரில் எரிந்து அடங்கியதும், அந்தச் சாம்பலைக் கிளறிப் பார்க்கச் சொல்லி இரண்டு அரக்குக் கைவினைஞர்களை, போரில் வென்ற தொகுகாவா இயெயாசு அனுப்பினார். அப்பா ஃபுஜிஷிகே தோகென், மகன் தோகான். அவர்கள் தேடியது தேயிலைத் தூள் வைக்கும் மண் சிமிழ்களை. அகப்பட்டவற்றில் ஒன்று 'சுகுமோ நாசு'. சீனத்துச் சரக்கு, கத்தரிக்காய் வடிவம், உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். 1568இல் மாத்சுநாகா ஹிசாஹிதே என்ற பிரபு, போர்த்தலைவர் ஓதா நொபுனாகாவுக்குப் பணிந்தபோது காணிக்கையாகக் கொடுத்தது இதைத்தான், தலை தப்பியது. அப்பாவும் மகனும் சில்லுகளை அரக்கால் ஒட்டி, பழைய மெருகுபோலவே மேலே பூசிவிட்டார்கள். எவ்வளவு நொறுங்கியிருந்தது என்பதை நம் காலத்து எக்ஸ்ரேதான் காட்டிக்கொடுத்தது. இப்போது தோக்கியோவில் செய்காதோ அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறது.

இந்தக் கதை தெரியாமல் 'கராமோனோ' பயிற்சிக்கு உட்கார்ந்தால் எல்லாம் வீண் கெடுபிடியாகத் தோன்றும். கியோத்தோவில் உராசென்கே என்ற பள்ளியின் மரபில் தேநீர்ச் சடங்கைச் சனிக்கிழமைதோறும் படித்துவருகிறேன். சாதாரணத் தேநீரில் சிமிழை ஒரு கையால் எடுத்து வைத்துவிடலாம். கராமோனோவில், அதாவது சீனச் சிமிழுக்கான முறையில், இரண்டு கையும் வேண்டும். துடைக்கிற பட்டுத்துணியின் மடிப்பே வேறு. எங்கள் வகுப்பில் இருப்பது ஜப்பானில் செய்த நகல். எங்கள் ஆசிரியரான சென்செய்க்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். ஆனாலும் அதைத் தூக்கும்போது ஒருவரும் மூச்சு விடுவதில்லை. பொய்ச் சிமிழுக்கு மெய்யான மரியாதை.

சிமிழுக்குப் பட்டில் ஒரு சுருக்குப்பை உண்டு. சாமான்களைச் சுற்றி வைக்கும் துணிகளில் இந்தியச் சீட்டித்துணியும் கோடு போட்ட பருத்தியும் சேர்ந்துகொண்டன. சோழமண்டலக் கரையிலிருந்து போர்த்துக்கீசியரும் பிறகு டச்சுக்காரரும் கொண்டுபோனவை அவை. அந்தக் கோட்டுத் துணிக்கு ஜப்பானில் 'சான்தொமே' என்று பெயர். நம் மயிலாப்பூர்ச் சாந்தோம்தான்.

கராமோனோவுக்கு அடுத்து 'தாய்தென்மொகு': பீடத்தின்மேல் ஏற்றிய கிண்ணத்தில் பெரிய மனிதருக்குத் தேநீர். பிறகு 'போன்தாதே', தட்டின்மேல் சிமிழ். இவற்றையெல்லாம் தாண்டினால்தான் 'தைசு'. பார்க்க அப்படியொன்றும் பிரமாதமில்லை: கறுப்பு அரக்கு பூசிய இரண்டு பலகை, நடுவில் நாலு கால். கீழ்ப் பலகையில் கணப்பு, அதன்மேல் இரும்புக் கெண்டி, பக்கத்தில் தண்ணீர்ச் சாடி, அகப்பை நிற்கும் குவளை, கழுநீர்ப் பாத்திரம். 1267இல் நம்போ ஜோம்யோ என்ற ஜென் துறவி சோங் சீனத்தில் கின்சான் மடத்தில் படித்துத் திரும்பும்போது இதைக் கொண்டுவந்து சிக்குசென் நாட்டுச் சோஃபுகுஜி கோயிலில் வைத்தார், அங்கிருந்து அது கியோத்தோவின் தைதோகுஜிக்குப் போனது என்பது பரம்பரையாகச் சொல்லிவரும் செய்தி.

இங்கேதான் எனக்கு ஒரு கேள்வி. தேநீர்ச் சடங்கு என்றாலே நினைவுக்கு வரும் ஆசான் சென் நோ ரிக்யூ. அவர் (1522–1591) கடைசியில் வந்து சேர்ந்த இடம் யாமசாகியில் இன்றும் நிற்கும் தாய்ஆன் குடிசை, இரண்டே பாய் அகலமுள்ள அறை. பலகையை ஒதுக்கிவிட்டுச் சாமான்களைப் பாயிலேயே வைத்தார். சீனக் கிண்ணம் இருந்த இடத்தில் குயவர் சோஜிரோ கையால் பிடித்த கறுப்புக் கிண்ணம் வந்தது. அப்படியானால் அவர் பெயரில் நடக்கிற பள்ளியில் உச்சிப் படியில் ஏன் அவர் ஒதுக்கிய பலகை நிற்கிறது? மேலே ஏற ஏற நாங்கள் ரிக்யூவைத் தாண்டி, அவருக்கு முந்தைய பிரபுக்களின் மாளிகைக்குப் போய்க்கொண்டிருக்கிறோம்.

ரிக்யூவுக்கும் மாளிகை தெரியும் என்பது உண்மை. 1585இல் ஆட்சியாளர் ஹிதெயோஷி அரண்மனையில் ஓகிமாச்சி பேரரசருக்குத் தேநீர் கொடுத்தபோது கூட இருந்து உதவியவர் அவர்தான். 'ரிக்யூ' என்ற பட்டமே அப்போது கிடைத்தது. எதைக் குறைத்தார் என்று தெரிந்தால்தான் குடிசையின் அருமை தெரியும் என்பார்கள் மூத்த மாணவிகள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இன்று நாங்கள் ஏறும் படிகளைக் கட்டியவர் ரிக்யூ இல்லை. அவர் செத்து நூறு ஆண்டு கழித்து, பணம் சேர்த்த வணிகர்கள் கூட்டம் கூட்டமாகத் தேநீர் பழக வந்தபோது வாரிசுகள் கட்டியவை.

உச்சியில் தைசுவை வைத்ததற்கு ஆதாரம் காட்ட ஒரு நூலும் கிடைத்தது. ஃபுகுஓகாவின் குரோதா பிரபுவிடம் வேலைபார்த்த தாச்சிபானா ஜித்சுசான், ரிக்யூவின் சீடர் எழுதிவைத்த குறிப்பு என்று 'நம்போரோகு'வை 1686இல் வெளிக்கொணர்ந்தார். அதில் தைசுவுக்குத் தனி ஏடே உண்டு. சீடர் எழுதியதில்லை, ஜித்சுசானே தொகுத்தது என்பதுதான் இன்றைய ஆய்வாளர் பலரின் முடிவு. ஃபுகுஓகா அன்றைய சிக்குசென். பலகை வந்திறங்கியதாகச் சொல்லும் அதே மண். இதைச் சொன்னால் சென்செய் சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவார்.

18ஆம் நூற்றாண்டின் நடுவில் கூட்டம் இன்னும் பெருத்தது. ரிக்யூ வழிவந்த இன்னொரு பள்ளியான ஓமோதெசென்கேயின் ஏழாம் தலைவர் ஜோஷின்சாய், உராசென்கேயின் எட்டாம் தலைவரான அவர் தம்பி இத்தோ, இருவரும் பலரை ஒன்றாக உட்காரவைத்துப் பழக்க ஏழு பயிற்சிகளை வகுத்தார்கள். எனக்குப் பிடித்தது 'ககெத்சு'. நாலரைப் பாய் அறையில் ஐந்து பேர். மடித்த காகிதப் பெட்டி சுற்றிவரும், ஆளுக்கொரு சீட்டு. பூ வந்தால் எழுந்து போய்த் தேநீர் கலக்க வேண்டும், நிலா வந்தால் குடிக்கலாம். யார் எழுவார் என்று கடைசி நொடிவரை தெரியாது. எழுந்தவர் விட்ட இடத்தில் இன்னொருவர் உட்கார வேண்டும். பாயின் கரையை எந்தக் கால் முதலில் தாண்டுவது என்பதில்தான் சண்டையே. நூறு தரம் செய்தாலும் நிலா மங்கல்தான் என்று இதற்கு ஒரு சொலவடை இருக்கிறது.

'சாகாபுகி' என்ற இன்னொரு பயிற்சி எந்தத் தேநீர் எது என்று குடித்தே கண்டுபிடிப்பது. இதன் பூர்வீகம் சூதாட்டம். பந்தயம் கட்டிக் குடித்த கூட்டங்களை 1336இலேயே கென்மு சட்டம் தடைசெய்தது. நானூறு ஆண்டில் அந்தப் பந்தயமே ஒழுக்கப் பயிற்சியாகிவிட்டது. 'இச்சி-நி-சான்' இன்னும் கொடுமை: ஒருத்தி தேநீர் கலக்க, விருந்தினர் கமுக்கமாகச் சீட்டுப் போட்டு மதிப்பெண் கொடுப்பார்கள். ஜென் அமைதி பற்றிப் பேசுகிறவர்கள் இதை ஒருமுறை பார்க்க வேண்டும்.

கராமோனோ முதலான மேல்படிகளுக்குப் பாடநூல் கிடையாது, வகுப்பில் குறிப்பெடுக்கவும் கூடாது. வாய்மொழி. ரயிலில் கண்ணை மூடிக்கொண்டு விரலால் காற்றில் செய்துபார்ப்பேன். எதிரே இருப்பவர் மெல்ல நகர்ந்து உட்காருவார்.

வேண்டும்போது இந்த மரபு வளையவும் வளைந்தது. 1872இல் கியோத்தோ கண்காட்சிக்கு வந்த வெளிநாட்டாருக்காக உராசென்கேயின் அன்றைய தலைவர் கென்கென்சாய் மேஜை நாற்காலியில் தேநீர் கொடுக்கும் முறையை உண்டாக்கினார். புதிய அரசு தேநீரைக் கேளிக்கைப் பட்டியலில் சேர்க்கப் பார்த்தபோது எதிர்த்து எழுதியவரும் அவரே. அவர் மகள் யுகாகோ பெண்கள் பள்ளிக்குள் இதைக் கொண்டுபோனார். ரிக்யூ காலத்தில் ஆண்களின் அரசியல். இப்போது எங்கள் வகுப்பில் ஓர் ஆண்கூடக் கிடையாது.

ஒவ்வொரு படிக்கும் தலைமை வீட்டிலிருந்து அனுமதிப் பத்திரம் வர வேண்டும், அதற்குக் கட்டணம் உண்டு. தைசுவுக்கு என் பெயரைச் சென்செய் அனுப்பியிருக்கிறார். பணத்தை உறையில் போட்டுக் கொடுத்துவிட்டேன், வங்கியில் மாற்றி வாங்கிய புது நோட்டாகவே.